ஈகையும் இசையும்: வங்காளதேச இசையரங்குத் தட்டுகள்

அறத்தின்பொருட்டு எழுந்த கலைப்படைப்பை மதிப்பிடுதல் எளிதன்று. நோக்கம் உயர்ந்தது என்பதனாற் குறைகளை மறைப்போர் உளர். நோக்கம் கலையைத் தாழ்த்திவிடும் என்று கருதி நிறைகளைக் காணாதோரும் உளர். இவ்விரு சாராரையும் சோதிக்கும் படைப்பு, ஜோர்ஜ் ஹரிசன் 1971 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘வங்காளதேசத்துக்கான இசையரங்கு’ என்னும் மூன்று இசைத்தட்டுகளின் தொகுதியாகும்.

1970 நவம்பரிற் கிழக்கு வங்காளத்தைப் பெரும்புயல் சிதைத்தது. 1971 மார்ச்சில் அங்கே போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவிற் புகலடைந்தனர். வங்காளியரான சிதார்க் கலைஞர் ரவி சங்கர், தம் நண்பர் ஹரிசனின் துணையை நாடினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 1 ஆம் நாள், நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. அவற்றின் ஒலிப்பதிவே இத்தொகுதி.

எரிக் கிளப்டன், லியொன் றசல், பில்லி பிறெஸ்டன் முதலியோரும், இரு முரசுக் கலைஞரும், ஊதுகருவியாளரும், துணைப்பாடகரும் கூடிய பெருங்குழு இது. இத்தகைய கூட்டத்தில் ஓசை பெருகி இசை அழிதல் எளிது. இங்கு அது நேரவில்லை. காரணம், தலைவன் தன் இடத்தைப் பிறர்க்கு ஈந்தமையே. ஆறு பக்கங்களுள் முதலாவது ரவி சங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா ஆகியோர்க்குரியது. ஐந்தாவது முழுவதும் பொப் டிலனுக்குரியது. பெருங்குழு முழங்கிய பின்னர், இரண்டே கிற்றார்களுடன் எழும் சூரியோதயப் பாடல் தொகுதியின் உயிர்நிலை எனலாம். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்ததையே இசையென மயங்கி அவையோர் கைதட்டியதும் நீக்கப்படாது பதிவில் இடம்பெற்றுள்ளது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

குறையும் உண்டு. இறுதியில் ஒலிக்கும் ‘வங்காளதேசம்’ என்னும் பாடல் துயரைக் கூறுகின்றது. துயருக்குக் காரணமானோரைக் கூறவில்லை. 1995 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்ததை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இரங்கத்தக்கவராக மட்டும் காணப்படுதல் ஏதிலியர்க்கு முழுமையான நீதியாகாது. பணத்தின் வரலாறும் படிப்பினை தருவது. நுழைவுச்சீட்டு வருவாய் 243,000 டொலருக்கு மேற்பட்டது; அது ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்குச் சென்றது. முன்னரே அறநிறுவனமொன்றின் வழியாக ஏற்பாடு செய்யப்படாமையால், இசைத்தட்டு வருவாயின் பெரும்பகுதி அமெரிக்க வரிச் சிக்கலிற் பல்லாண்டு முடங்கியது. அன்பு மட்டும் போதாது, முறையும் வேண்டும்.

தொகுதியின் அட்டையில் வெறுங்கலத்தின் முன் அமர்ந்த குழந்தையின் உருவம் உள்ளது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்ளும் மரபிலே வளர்ந்தோர்க்கு அவ்வெறுங்கலம் தரும் பொருள் ஆழமானது. அமுதசுரபியும், ஆதிரை இட்ட பிச்சைக்குப் பின்னரே வற்றாது சுரந்தது. பெருங்கொடைக்கும் பிறர் கை வேண்டும் என்பது அதன் கருத்து. 1973 இல் இத்தொகுதி கிறாமி விருது பெற்றது. ஆயினும் அதன் நிலைபேறு விருதினாலன்று. ஈகை அதன் நோக்கமாக நில்லாது, இசையின் அமைப்பாகவே மாறியமையினாலாகும்.