இரண்டு ஸ்பெக்ட்ரம், நடுவே ஒரு மோனோ ஒயர்

இரண்டு பழைய வீட்டுக் கணினிகளை இணைக்க எவ்வளவு செலவாகும்? ஒயர், ஜாக், ஈயம் எல்லாம் சேர்த்தும் எனக்கு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. செலவு வைப்பது அந்த ஒயரைச் செருகும் பெட்டிதான். 1983-ல் பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக வெளியிட்ட ‘இசட்எக்ஸ் இன்டர்ஃபேஸ் 1’ அது. அன்றைய விலை 49.95 பவுண்டு. இன்று பழசாகத்தான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து கையைக் கடிக்கும். ராயபுரத்தில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் வீட்டில் இப்படி இரண்டு பெட்டிகளை இரண்டு ஸ்பெக்ட்ரம் பிளஸ்களில் மாட்டி ஓட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பெக்ட்ரம் நமக்கு அந்நியமான இயந்திரம் இல்லை. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1986-ல் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ சிப், 48 கேபி நினைவகம், திரைக்கு வீட்டு டிவி, சேமிக்க டேப் ரெக்கார்டர். எண்பதுகளின் கடைசியில் ‘வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது’ என்று சொன்ன பல குடும்பங்களில் இருந்தது இதுதான். அதே 1986-ல்தான் நாட்டின் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டமும் தொடங்கியது. சென்னையில் ஐஐடி அதில் பங்கேற்றது. நகரின் தென்கோடியில் அரசுப் பணத்தில் நடந்த வேலையின் அடிப்படையை, வடகோடியில் ஒரு வீட்டு மேஜையில் ஒரு ஜாக் ஒயரால் செய்து பார்க்க முடியும் என்பதுதான் இந்தப் பெட்டியிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

இன்டர்ஃபேஸ் 1 கணினிக்கு அடியில் உட்கார்ந்து அதன் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி நிறுத்தும். மைக்ரோடிரைவ் இணைப்பும் ஆர்எஸ்-232 வாசலும் இதில் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டு 3.5 மில்லிமீட்டர் ஜாக் துளைகள். அதிகபட்சம் 64 கணினிகளை வரிசையாகக் கோக்கலாம். வளையமாக மூடக்கூடாது. வரிசையின் இரு முனையிலும் ஒரு துளை காலியாக இருக்க வேண்டும். காரணம், துளைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஜாக் செருகாதவரை அது ஒரு மின்தடையை லைனோடு சேர்த்து வைத்திருக்கும். முனையில் சிக்னலை அடக்குவது அந்த மின்தடைதான்.

ஒயர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். “அண்ணே, மோனோ ஜாக், மூணரை எம்எம், ரெண்டு குடுங்க” என்றேன். “இப்ப யாரு தம்பி மோனோ கேக்குறா? ஸ்டீரியோ எடுத்துக்க” என்றார் கடைக்காரர். வற்புறுத்திக் கேட்ட பிறகு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீங்களும் வற்புறுத்துங்கள். நுனியில் ஒரே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் மோனோ. இரண்டு கோடு இருந்தால் ஸ்டீரியோ. ஒயர் ஷீல்டு போட்டதாக இருக்கட்டும். நடுக்கம்பி நுனிக்கு, ஷீல்டு உடம்புக்கு. ஈயம் வைத்ததும் மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பார்த்துவிடுங்கள்.

வடசென்னையில் இந்த வேலைக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரில் கம்பியை அரிப்பது கணினியை மட்டும் விட்டுவைக்காது. ஸ்பெக்ட்ரத்தின் பின்பக்க எட்ஜ் கனெக்டர் போர்டு விளிம்பிலேயே திறந்து கிடக்கும். ஜாக் துளைக்குள் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சின் தகட்டிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். எனக்கு வந்த பெட்டிகளில் ஒன்றில் அந்தத் தகடு மங்கிப் போயிருந்தது. ஜாக்கைச் செருகி எடுத்த பிறகு மின்தடை சில நேரம் லைனுக்கு வரும், சில நேரம் வராது. எட்ஜ் கனெக்டரைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். துளைக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக்கைப் பலமுறை செருகி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனி ஓட்டம். மாடியில் இருந்த கணினிக்கு ‘ஃபார்மேட் "என்", 1’, கீழே இருந்ததற்கு ‘ஃபார்மேட் "என்", 2’ என்று நிலைய எண் கொடுத்தாயிற்று. கீழே பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனை உட்கார வைத்தேன். அவன் ‘லோட் * "என்", 1’ என்று தட்டிக் காத்திருந்தான். மாடியில் நான் ‘சேவ் * "என்", 2’ என்று தட்டினேன். டேப்பில் ஐந்து நிமிடம் கீச்சிட்டு ஏறும் அளவுள்ள நிரல் பத்து வினாடிக்குள் கீழே போய்ச் சேர்ந்தது. வேகம் வினாடிக்குச் சுமார் ஒரு லட்சம் பிட் என்று சின்க்ளேர் சொன்னது வெறும் விளம்பரம் இல்லை. பெட்டியோடு வந்த ஒயர் மூன்று மீட்டர். நான் செய்தது படிக்கட்டு வழியாக இறங்கும் நீள ஒயர். அதிலும் தடுமாற்றம் இல்லை.

பிறகு லைனில் ஆசிலாஸ்கோப்பை மாட்டிப் பார்த்தோம். இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டியதே அதுதான். ஒரு கணினி பேசும் முன் லைன் அமைதியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனிக்கும். பிறகு தன் நிலைய எண்ணை லைனில் போட்டுக்கொண்டே, போட்டதுதான் லைனில் இருக்கிறதா என்று திரும்பப் படிக்கும். வேறொரு கணினியும் அதே நேரத்தில் பேசத் தொடங்கியிருந்தால் இரண்டும் பொருந்தாது. உடனே விலகி மறுபடி காத்திருக்கும். லைன் தனக்குக் கிடைத்ததும் எட்டு பைட் தலைப்பு போகும். யாருக்கு, யாரிடமிருந்து, எத்தனையாவது துண்டு, இதுதான் கடைசியா, நீளம் என்ன, சரிபார்ப்புக் கூட்டல்கள் இரண்டு. கேட்பவர் ஒரே ஒரு பைட்டால் ‘வந்தது’ என்பார். அதன் பின் 255 பைட் வரை தரவு. அதற்கும் ஒரு ‘வந்தது’. கூட்டல் பொருந்தாவிட்டால் பதில் வராது, அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். இன்று நம் கைபேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. ஆனால் கோடிக்கணக்கான சிப்களுக்குள் அவை புதைந்து கிடக்கின்றன. இங்கே தனி நெட்வொர்க் சிப்பே இல்லை. பிட் பிட்டாக எண்ணி அனுப்புவது இசட்80 தான். பெட்டிக்குள் இருக்கும் 8 கேபி ரோமில் மொத்த விதியும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாணவன் ஒரு வாரம் உட்கார்ந்தால் அதை முழுதாகப் படித்து முடிக்கலாம். “புத்தகத்துல படிச்சப்ப புரியாதது இப்பதான் மாமா புரியுது” என்றான் பையன்.

குறைகள் உண்டு, சிறியவையும் இல்லை. அனுப்பும்போதும் பெறும்போதும் கணினி வேறெதையும் செய்யாது. எதிர்முனை தயாராகும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஒயர் அறுந்திருந்தாலும் அதைச் சொல்லாது, பிரேக் விசையை நாம்தான் அழுத்த வேண்டும். ‘பிரின்ட் #4’ என்று ஒரு வரி செய்தி அனுப்பினால் அது உடனே போகாது. 255 பைட் நிரம்பினாலோ, ‘குளோஸ் #4’ கொடுத்தாலோதான் புறப்படும். உரையாடல் நிரல் எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நிலையம் 0 என்று போட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும், ஆனால் யாரும் ‘வந்தது’ என்று சொல்ல மாட்டார்கள். ஒரு துண்டு தவறினால் தவறியதுதான்.

இதோடு ஒப்பிட வேண்டியது ஏகார்ன் நிறுவனத்தின் ஈக்கோநெட் நெட்வொர்க். 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவுக்கு உரியது அது. தனி கட்டுப்பாட்டுச் சிப், கடிகாரப் பெட்டி, இரு முனையிலும் டெர்மினேட்டர் என்று முறையாகக் கட்டப்பட்டது. ஒரு வகுப்பறை முழுவதற்கும் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். இரண்டே இரண்டு கணினி, ஒரு வீடு என்றால் சின்க்ளேர் போதும்.

இன்டர்ஃபேஸ் 1 கிடைக்கவில்லையா? ஒரு கணினியின் மைக் துளையிலிருந்து இன்னொன்றின் இயர் துளைக்கு அதே மோனோ ஒயரைப் போடுங்கள். ஒன்றில் சேவ், மற்றதில் லோட். டேப் வேகம்தான், சரிபார்த்து மறுபடி அனுப்பும் வசதியும் கிடையாது. சிக்னல் வலு போதாவிட்டால் நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆனாலும் ஒரு பைசா பெட்டிச் செலவில்லாமல் இரண்டு கணினி பேசும்.

என் தீர்ப்பு இது. கேம் ஏற்றத்தான் வேண்டும் என்றால் இன்றைய எஸ்டி கார்டு இணைப்புகளே மேல். இன்டர்ஃபேஸ் 1-க்குப் பணம் கொடுக்காதீர்கள். நெட்வொர்க் என்பது என்ன என்று அடிவரை தெரிந்துகொள்ளவோ, வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவோ விரும்பினால் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் டிபி ஸ்பெக்ட்ரம் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகியும் பார்க்காதீர்கள்: இதற்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், இன்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை நடுமுனை பாசிட்டிவ். உள்ளே இருக்கும் 4116 நினைவகச் சிப்களுக்கு 5, 12, மைனஸ் 5 என மூன்று வோல்டேஜும் சரியாக வர வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். கரன்ட் ஓடும்போது இன்டர்ஃபேஸைச் செருகவோ பிடுங்கவோ கூடாது.