நன்னூல் சுட்டும் கோட்டமும் ஆசிரியப் பயிற்சியும்

நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து, அன்னம், பசு முதலாக எருமை, நெய்யரி ஈறாக உவமை கூறுகிறது. பிறப்பன்று, பாடங்கொள்ளும் இயல்பே அப்பகுப்பின் அடிப்படை என்பது உண்மையே. எனினும், இவ்வரிசையை மட்டும் மனத்திற் கொண்டு வகுப்பினுள் நுழையும் பயிற்சி மாணவர் முதல் வாரத்திலேயே எருமையைத் தேடத் தொடங்குவார். பாடங்கேட்கத் தகாதோருள் பிணியனும் வைக்கப்பட்டிருப்பது இன்று ஏற்கத்தக்கதன்று.

அதே பவணந்தியார்தாம் நல்லாசிரியருக்கு நிறைகோலை உவமையாக்கினார். கற்பிப்போர்க்குக் கோட்டமற்ற மனத்தையும் வேண்டினார். மாணாக்கர் வகையோடு நின்றுவிடும் போதனை நன்னூலையே பாதியாக்கிவிடும். இடர்ப்பாடு என்னவெனில், தன் கோட்டத்தை நிறைகோல் தானே அறியாது.

ரெமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பால், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையிற் பொருத்தி, ஆசிரியர்களைத் திருத்தச் செய்தனர். தாழ்ந்தனவாகக் கருதப்படும் சாதிகளின் பெயர் தாங்கிய தாள்கள் 0.03 முதல் 0.08 திட்டவிலக்கம் வரை குறைந்த மதிப்பெண் பெற்றன. வியப்பு யாதெனில், அவ்வேறுபாடு அச்சாதிகளைச் சார்ந்த ஆசிரியர்களின் திருத்தத்திலேயே வெளிப்பட்டது. ஆதலின், கோட்டத்தைப் பகைமையோடு ஒன்றாகக் கொண்டு அறவுரை பகரும் பயிற்சி இலக்கைத் தவறவிடுகிறது. ஒரே விடைத்தாளின் படிகளை வெவ்வேறு பெயர்களில் தந்து, பயிற்சி மாணவரைத் தனித்தனியே திருத்தச் செய்து, அவர்கள் இட்ட மதிப்பெண்களை அவர்கள் முன்னிலையிலேயே ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும்.