தணலும் குரலும்

'அறிவிப்பாளர்' என்னும் சொல்லைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இரண்டு இடங்களில் வழங்கி வருகிறோம். ஒன்று ஹதீஸ் துறை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லையும் செயலையும் தமக்கு முன்னுள்ளவரிடம் கேட்டுப் பின்னுள்ளவருக்கு எடுத்துரைக்கும் 'ராவி'யை அறிவிப்பாளர் என்கிறோம். மற்றொன்று வானொலியும் தொலைக்காட்சியும். அங்கே, எழுதித் தந்ததை இனிய குரலில் படிப்பவரும் அறிவிப்பாளரே. முன்னவரிடம் நாம் முதலில் கேட்பது, "யாரிடமிருந்து கேட்டீர்?" என்பது. பின்னவரிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. குரல் இனிதாயிருந்தால் போதும் என்று அமைந்துவிடுகிறோம்.

நெருப்பில் உணவைச் சுட்டு உண்ணும் வழக்கங்களையும் பல நாட்டு உணவுப் பண்பாட்டையும் காட்டும் ஆவணப் படங்களை இன்று நம் வீடுகளில் பெரியவரும் சிறியவரும் கூடியிருந்து பார்க்கின்றனர். அவற்றின் காட்சியழகைப் புகழ்வோர் பலர். பின்னணிக் குரலை எடைபோடுவோர் சிலரே. அக்குரலை நம் முன்னோர் வகுத்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மார்க்கக் கலையின் விதிகளைப் படங்களின் மீது சுமத்துவதன்று; அவ்விதிகளுக்குள் இருக்கும் நேர்மையைக் கடன் பெறுவதே நம் எண்ணம்.

முதலாவது, சீன மத்தியத் தொலைக்காட்சி 2012இல் ஒளிபரப்பிய 'எ பைட் ஆஃப் சைனா' என்னும் தொடர். சென் சியாவோசிங் முதன்மை இயக்குநர். குரல் கொடுத்தவர் லி லிஹோங். ஆழ்ந்த, நிதானமான அக்குரல் சீனாவெங்கும் புகழ் பெற்றது. முதற்பகுதியின் தொடக்கத்தில், யுன்னான் மலைக் காட்டில் ஒரு தாயும் மகளும் அரிய காளானைத் தேடி எடுக்கின்றனர். அதே காளான் பெருநகர உணவகத்தில் கரித்தணலில் சுடப்பட்டு எத்துணை உயர்ந்த விலைக்குப் போகிறது என்பதைக் குரல் எடுத்துரைக்கிறது. காட்டில் நிற்பவரிடமிருந்து வர முடியாத செய்தி அது. குரலின் பயன் அங்கே விளங்குகிறது. ஆயினும் அம்மகளின் களைப்பையும் மகிழ்வையும் கூட அக்குரலே அறிந்ததுபோல் பேசும்போது நமக்கு ஐயம் எழுகிறது. அவள் சொன்னதா? எழுதியவர் எண்ணியதா? ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு குறை உண்டு. தாம் நேரில் கேளாததை, நேரில் கேட்டது போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவிப்பதே அது. பொய்யென்று அதனைச் சொல்லிவிட முடியாது. எனினும் அறிஞர்கள் அதனை எளிதில் மன்னித்ததில்லை. இனிய குரல் படங்களில் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, 2016இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'குக்ட்'. நெருப்பு, நீர், காற்று, மண் என நான்கு பகுதிகள் கொண்டது. நூலாசிரியர் மைக்கேல் பொல்லான் தாமே திரையில் தோன்றித் தாமே பேசுகிறார். "நான் கண்டேன்" என்று சொல்லும் அறிவிப்பாளர் அவர். அந்த வகையில் முன்னதினும் நேர்மையானவர். ஆனால் 'நெருப்பு' பகுதியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்த்து பழங்குடியினர் புல்லுக்குத் தீயிட்டு உடும்பு வேட்டையாடுவதைக் காட்டும்போது, அவர்களுடைய வாழ்வு, சமைத்து உண்டதே மனிதனை மனிதனாக்கியது என்னும் கருத்துக்குச் சான்றாகச் சுருங்கிவிடுகிறது. கருத்து சுவையானதே. எனினும் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் விருந்தளித்தவரைவிட மிகுதியாகப் பேசிவிட்டார் என்றே தோன்றுகிறது.

மூன்றாவது, ஆஸ்திரேலியரான மாத்யூ சாலே இயக்கி 2017இல் வெளிவந்த 'பார்பெக்யூ'. 12 நாடுகள், 13 மொழிகள். பின்னணி அறிவிப்பாளர் எவருமில்லை; தணலருகே நிற்பவர்களே தத்தம் மொழியில் பேசுகின்றனர். படத்தின் பெயர் கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மொழியில் பிறந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலம் சேர்ந்த சொல். ஆனால் ஆர்மேனியர் தம் உணவைக் 'கொரவாட்ஸ்' என்கிறார். மவோரியர் 'ஹாங்கி' என்கிறார். மங்கோலியர் 'போடோக்' என்கிறார். தலைப்பு ஒரே பெயருக்குள் அடைத்ததைப் பேசுவோரின் குரல்கள் விடுவித்துவிடுகின்றன.

ஜோர்டானில் அடைக்கலம் புகுந்த சிரிய மக்கள் ஷவர்மா செய்யும் பகுதியே நம் நெஞ்சைத் தொடுவது. வீட்டையும் ஊரையும் இழந்தவரிடம் எஞ்சியிருப்பவை கைப்பழக்கமும் தாய்மொழியுமே. அவ்விரண்டையும் இப்படம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. வேறொருவர் உருக்கமான குரலில் அவருக்காகப் பேசியிருப்பின் நமக்கு இரக்கம் பிறந்திருக்கலாம், மதிப்புப் பிறந்திராது.

குறையும் உண்டு. ஷவர்மா என்பது 'சுழற்றுதல்' என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லிலிருந்து அரபுக்கு வந்தது என்பதையோ, 2012இல் திறக்கப்பட்ட ஜஅத்தரீ முகாமின் கடைத்தெருவுக்குப் பாரிஸ் பெருவீதியின் பெயரையும் 'ஷாம்' என்னும் தாயகப் பெயரையும் இணைத்து 'ஷாம் எலிசே' என்று வேடிக்கையாகப் பெயர் வழங்குவதையோ அறியாதவருக்கு யார் சொல்வது? அறிவிப்பாளரை அறவே நீக்கினால் இத்தகைய விளக்கங்களும் நீங்கிவிடுகின்றன. மதரஸாக்களில் நாம் ஓதிய கிதாபுகளில் மூலம் நடுவிலும் 'ஷரஹ்' என்னும் விரிவுரை ஓரத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். குரலுக்கும் அந்த ஓரமே உரிய இடம். ஓரம் இல்லாத நூல் மாணவனுக்குக் கடினம். ஓரமே நடுவை விழுங்கிய நூலோ பயனற்றது.

(பிள்ளைகளுடன் பார்ப்போர்க்கு ஒரு சொல்: 'குக்ட்', 'பார்பெக்யூ' ஆகிய இரண்டிலும் பன்றி சுடும் காட்சிகள் உண்டு. முன்னரே அறிந்திருத்தல் நலம்.)

இனி, சொல்லின் அளவு. ஹூது அத்தியாயத்தின் 69ஆம் வசனத்தில், இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினருக்குக் கொணர்ந்த கன்றைக் குறிக்க 'ஹனீத்' என்னும் ஒரே அடைமொழி வந்துள்ளது. சூடேற்றிய கற்களால் சுடப்பட்டது என்று விரிவுரையாளர் பலர் அதனை விளக்குவர். யமன் நாட்டில் இன்றும் அப்பெயரிலேயே ஓர் இறைச்சி உணவு வழங்குகிறது. தாரியாத் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் அதே நிகழ்ச்சி வருமிடத்தில் 'ஸமீன்', அதாவது கொழுத்தது, என்னும் ஒரு சொல். இறைமறையோடு எதனையும் ஒப்பிட நாம் துணியோம். ஆனால் மொழி பயில்வோர்க்கு இதில் பாடம் உண்டு. சமைத்த முறைக்கு ஒரு சொல், பொருளின் தரத்துக்கு ஒரு சொல். "நாவில் நீரூறும்", "தலைமுறை தலைமுறையாக", "காலத்தால் அழியாத" என்று அடுக்கும் பின்னணி உரைகளை நினைத்துப் பார்க்கிறோம். அத்தனைக்குப் பின்னும் இறைச்சி கல்லில் வெந்ததா, கம்பியில் வெந்ததா என்பது தெரிவதில்லை.

தமிழ்க் குரல் ஏற்றப்பட்டு நம் வீடுகளுக்கு வரும் படங்களில் இக்குறை இரட்டிக்கிறது. அயல்நாட்டவர் வாய்திறந்து இரண்டு சொல் பேசியதும் அவருடைய ஒலி தாழ்கிறது. நம் நாட்டுக் குரல் மேலெழுகிறது. பொருள் விளங்குகிறது, ஆள் மறைந்துவிடுகிறார். முதியவர் ஒருவர் இறைச்சியைப் பங்கிட்டு முடித்து, "அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லியிருந்தாலும் அது நம் செவிக்கு எட்டாது. அச்சொல்லுக்கு நமக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

ஆகவே குரல் கொடுப்போரிடம் நாம் வேண்டுவது மூன்று. கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்று விளக்குங்கள். தணலருகே நிற்பவர் பேசத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பார்ப்போரிடம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை அத்தகைய படம் ஓடும்போது பிள்ளைகளிடம், "இதைச் சொல்வது யார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று வினவுங்கள். ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த அக்கேள்வி, அடுப்படிச் செய்திக்கும் பொருந்தும்.