பத்மநாபபுரம் அரண்மனை: கட்டடக்கலை மதிப்பீடு

பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே அமைந்துள்ளது. 1601-ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டினார் என்று நூல்களும் வழிகாட்டிகளும் இதை அறிமுகம் செய்கின்றன. இந்த ஒற்றை ஆண்டு வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது. பல தலைமுறைகளில் சிறிது சிறிதாக வளர்ந்த வீடு இது.

வளாகத்தின் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். 1550-ஐ ஒட்டியது என்று மரபாகக் கூறப்படுகிறது. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டுகள் கொண்ட நாலுகட்டு வீடு இது. பூதப்பாண்டி போன்ற நாஞ்சில் நாட்டு ஊர்களில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. பலாமரத் தூணின் நுண்செதுக்கு மட்டுமே அரச வீடு என்பதை உணர்த்துகிறது.

மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆனது. அக்காலத்து நான்கு நிலை உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலமும், அதற்கு மேல் அரசரின் படுக்கையறையும், உச்சியில் சுவரோவியங்களுடன் இறைவனுக்குரிய அறையும் உள்ளன. இறைவனின் அடியவராக ஆள்பவர் இறைவனுக்குக் கீழே உறங்குகிறார். அரசியல் முடிவு ஒன்று கட்டடமாகவே மாறியிருப்பது இங்கே தெரிகிறது.

நவராத்திரி மண்டபம் கல்லால் ஆனது. விருந்தினருக்கான இந்திர விலாசத்தில் ஐரோப்பிய பாணியில் உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உள்ளன. மரக்கட்டுகளின் தாழ்ந்த, நிழல் நிறைந்த அறைகளோடு இவை முழுதாக ஒட்டவில்லை. இடைவழிகள் குறுகலானவை, படிகள் செங்குத்தானவை. இவற்றைக் குறை என்பதைவிட, வெவ்வேறு காலங்கள் சந்தித்த தடயம் எனக் கொள்வதே பொருத்தம்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள இக்தம் மோட் என்னும் நாட்டுப்புற மாளிகையும் இப்படியே, 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முற்றத்தைச் சுற்றிப் படிப்படியாக வளர்ந்தது. அத்தகைய வீடுகளின் வரலாறு பகுதி பகுதியாகவே எழுதப்படுகிறது.

1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956-இல் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்த பின்பும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. பளபளக்கும் கருந்தரையையும் மூலிகைக் கட்டிலையும் மட்டும் வியந்து திரும்பும் பார்வையாளர், ஒரு வீடு எப்படி அரசாக வளர்ந்தது என்பதைத் தவறவிடுகிறார். தாய்க் கொட்டாரத்திலிருந்து பார்வையைத் தொடங்குவதே இவ்வரண்மனையை அறியும் சரியான வழி.