வயிறறிந்த காப்பி

வெகுகாலம் நெல்லூர் ஜில்லாவில் இருந்து, 2022ஆம் ஆண்டில் புதிதாக ஏற்பட்ட திருப்பதி ஜில்லாவோடு சேர்ந்த நாயுடுபேட்டை, சுவர்ணமுகி நதிக்கரையில், சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் பெருஞ்சாலையை விட்டுக் காளத்திக்கும் திருப்பதிக்கும் வழி பிரிகின்ற இடத்தில் அமைந்திருப்பதால், விடியற்காலையில் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும் பிரயாணிகளில் பெரும்பாலோர் முதலில் தேடுவது காப்பிக் கடையைத்தான். சுவாமி தரிசனம் ஆகுமட்டும் ஆகாரம் கொள்வதில்லை என்ற நியமத்தோடு புறப்பட்டவர்கள்கூடக் காப்பியை ஆகாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவெல்லாம் கண் விழித்துச் சோர்ந்த சரீரத்தில், வெறும் வயிற்றில், மணிக்கணக்காகச் சூட்டிலேயே கிடந்த டிகாக்‌ஷன் இறங்கினால், காளத்தி வருவதற்குள் நெஞ்சு எரிவதிலும் புளித்த ஏப்பம் எழுவதிலும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எரிந்ததும், "காப்பி நமக்கு ஒத்துக்கொள்ளாது" என்று தீர்மானித்து விடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது காப்பிதானா, அதைப் போட்ட விதமா, கலந்த பாலா, குடித்த வேளையா என்று பகுத்துப் பார்ப்பவர் குறைவு. நாவுக்கு நல்ல காப்பியே பெரும்பாலும் வயிற்றுக்கும் நல்ல காப்பி என்பது, மெல்லிய வயிறு படைத்த ரசிகன் என்ற முறையில் நான் கொண்டிருக்கும் உறுதியான அபிப்பிராயம்.

கொட்டையிலிருந்தே தொடங்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற மகான் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியதாக ஐதிகம் சொல்கிறது. ஆந்திர தேசத்து அரக்குப் பள்ளத்தாக்கில் மலைவாழ் மக்கள் இன்று பயிரிடுவதும் அதே அராபிகா ஜாதிதான். ரொபஸ்டா என்ற இன்னொரு ஜாதியில் காபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கசப்பும் அதிகம், படபடப்பும் அதிகம். வறுவலிலும் விசேஷம் உண்டு. வறுக்க வறுக்கக் கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் குறைந்துகொண்டே போக, வேறு சில பொருள்கள் புதிதாக உண்டாகின்றன. அவற்றில் ஒன்று இரைப்பையில் அமிலம் சுரப்பதைத் தணிக்கக் கூடும் என்று, 2010ஆம் ஆண்டில் வியன்னாவையும் மியூனிக்கையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். நிறம் வெளுத்த இளவறுவலைவிட, கருகாமல் நன்றாகச் சிவந்து கறுத்த வறுவல் மென்மையாக இறங்குகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அநுபவத்தால் சொல்லி வந்ததற்கு இது ஒத்துப்போகிறது.

ஆயினும் காப்பியின் கலை முழுதும் அடங்கியிருப்பது பில்டரில்தான். மேல்பாத்திரத்தில் பொடியை அமுக்கித் திணிக்காமல், விரலால் ஒருமுறை சமமாகப் பரப்பிவிட்டு, துளைத்தட்டை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்து, தளதளவென்று கொதித்த நீரைக் கீழே இறக்கிக் கொதி அடங்கியபின், முதலில் பொடி நனையுமளவு வட்டமாக விட்டு, அது ஊறிப் பொங்கி வாசனை எழும்பும்வரை பொறுத்திருந்து, பிறகு மிச்ச நீரை விட்டு மூடவேண்டும். அப்புறம் பில்டரைக் கரண்டியால் தட்டுவதும், மூடியைத் திறந்து பார்ப்பதும், ஆட்டுவதும் கூடாது. கீழ்ப்பாத்திரத்தில் முதல் சொட்டு விழும் ஓசை கணீரென்று கேட்கும். பத்திருபது சொட்டுக்குப் பின் ஓசை தடித்து அடங்கும். கால்மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்போது, சாய்த்தால் பாத்திரத்தின் உட்சுவரில் செம்பழுப்பாகப் படிந்து மெல்ல வழியும் முதல் டிகாக்‌ஷன் சித்தமாகியிருக்கும். பரிமளமும் இனிப்புச் சாயலும் இதில் இறங்கிவிடுகின்றன. மறுபடி நீர் விட்டு இறக்கும் இரண்டாவதில் மிஞ்சுவது துவர்ப்பும் கசப்புமே. இறங்கிய டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றுவது பெரும் அபசாரம். சூட்டில் நிற்க நிற்கக் காப்பியில் குவினிக் அமிலம் பெருகிப் புளிப்பு ஏறும் என்பது ரசாயனம் அறிந்த உண்மை. நெடுஞ்சாலைக் காப்பி பலருக்கு எதுக்களிப்பதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது. காய்ச்சவேண்டியது பாலை மட்டுமே. கொதிக்கும் பாலில் டிகாக்‌ஷனை விட்டால் போதுமான சூடு தானே வந்துவிடும்.

சிக்கரியைப் பற்றி ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் அந்த வேரை வறுத்துச் சேர்ப்பதால் டிகாக்‌ஷனுக்குக் கனமும் கருமையும் வருகின்றன. அதில் காபீன் இல்லை என்பதும் மெய். கலப்புப் பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பங்காவது இருந்தாக வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. ஆனால் சிக்கரி வேரில் இனுலின் என்னும் நார்ப்பொருள் மிகுதி. சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாவது அதன் சுபாவம். வயிறு பொருமுகிறது என்று காப்பியை நிந்திக்கிறவர்கள், சில நாள் சிக்கரி இல்லாத பொடியை வாங்கிப் பார்ப்பது நலம்.

பாலையும் விசாரிக்கவேண்டும். வளர்ந்தபின் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குன்றிவிடுவது தென்னாட்டில் சர்வசாதாரணம். காய்ச்சினாலும் அந்தச் சர்க்கரை போவதில்லை. தயிரில் அதன் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே உண்டுவிடுகின்றன. ஆகவே மோர்சாதம் ஒத்துக்கொள்ளும் வயிறு பால்காப்பிக்கு முரண்டு பிடித்தால், குற்றம் காப்பியினுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அத்தகையோர் பாலைக் குறைத்துப் பார்க்கலாம். லாக்டோஸ் நீக்கிய பாலும் இப்போது கடைகளில் கிடைக்கிறது.

காலையில் ஒரு மிடறு உள்ளே போனதும் கொல்லைப்புறம் போகத் தோன்றுவது மனப்பிரமை அல்ல. 1990ல் 'கட்' என்ற ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சியில், அவ்வாறு உந்தப்படுகிறவர்களுக்குக் காப்பி குடித்த நான்கு நிமிஷத்துக்குள் பெருங்குடலின் கடைப்பகுதி சுறுசுறுப்படைவது கண்டறியப்பட்டது. காபீன் நீக்கிய காப்பிக்கும் அதே பலன் இருந்தது. சிலருக்கு இது வரப்பிரசாதம். குடல் ஏற்கெனவே துடிப்பானவர்களுக்குத் தொல்லை. பின்னவர்கள் அளவைக் குறைப்பதே வழி. டவராவும் டம்ளரும் சிறியனவாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் எரிச்சல் தணியாமல், விழுங்குவதில் சிரமமோ, காரணமின்றி உடல் இளைப்பதோ, மலம் கறுப்பதோ காணுமானால் பில்டரை விட்டுவிட்டு வைத்தியரை நாடவேண்டும். மற்றவர்களிடமும், நாயுடுபேட்டையில் கடை வைத்திருப்போரிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பிரயாணிகளே, இரண்டு இட்லி தின்ற பிறகு காப்பி கேளுங்கள், கடைக்காரர்களே, டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக, அடிக்கடி இறக்குங்கள், இறக்கியதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.