தமிழாய்வுக் கோப்புகளின் வடிவத் தேர்வு: ஒரு மதிப்பீடு

ஆய்வுக் கட்டுரைகளைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் வெளியிடும் வழக்கம் தமிழ் மின்னிதழ்களில் வேரூன்றியுள்ளது. பக்க எண் மாறாது, எழுத்து சிதையாது என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். மேற்கோள் காட்டுவதற்கு அவை பொருந்தும், படிப்பதற்குப் போதா. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும்; கோப்பினுள் இருப்பனவோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பானைத் துணைகொள்ளும் பார்வையற்ற ஆய்வாளர் கேட்பதும் அப்பொருளற்ற கோவையையே.

ஒருங்குறிக் கோப்பும் முற்றிலும் தப்புவதில்லை. ‘கொற்கை’யின் ஒற்றைக்கொம்பு, பிடிஎஃப்பிலிருந்து படியெடுக்கையில் ககரத்தை விட்டு முன்னே தனித்து நிற்பதுண்டு. அத்தகைய கோப்பில் கொற்கையைத் தேடுபவர், அச்சொல்லே அங்கில்லை என முடிவுசெய்வார். சொல்லடைவுகளால் வளர்ந்த துறைக்கு இது சிறு குறையன்று. வருடிய படிமக் கோப்பிலோ தேடுதற்கே எழுத்தில்லை.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களை ஒருங்குறி எச்டிஎம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் வழங்குகிறது. தன்னார்வலர்க்கு இயன்றது ஆய்விதழ்களுக்கு அரிதன்று. கட்டுரையாளர் ஒருங்குறியில் அளிக்கும் வேர்டு கோப்பையே எச்டிஎம்எல் பக்கமாக்கலாம். பக்க எண்ணுக்காகப் பிடிஎஃப்பும் உடனிருக்கலாம்.