கர்ணனும் விகர்ணனும்

குறையில்லாத கதாநாயகனை நம்மவர் கும்பிடுவார்கள். குறையுள்ளவனிடத்திலேதான் மனத்தைப் பறிகொடுப்பார்கள். இதற்குச் சான்று வேண்டுவோர், மாலை வேளையில் ஏதேனும் ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் போய் அமர்ந்து, பாரதக் கதையில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். தருமன் என்பார் அரியர். அருச்சுனன் என்பார் சிலர். பெரும்பாலோர், ஆண்களும் பெண்களும், கர்ணன் என்றே விடை பகர்வர். துரியோதனன் பக்கம் நின்று மாண்டவனிடத்தில் இத்துணை அன்பு ஏன்? இதுவே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

இவ்வன்பு நேற்று முளைத்ததன்று. தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளிலே 'கர்ண மோட்சம்' பெயர்பெற்ற ஆட்டம். 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் சிவாஜி கணேசன் அம்பு தைத்துக் கிடந்த காட்சியைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் உண்டு. 2012-இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது சென்னையில் நூறு நாள்களுக்கு மேல் ஓடிற்று.

எனினும், படம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தொலைக்காட்சித் தொடரின் இயல்பு வேறு. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷன் ஞாயிறுதோறும் காட்டிய மகாபாரதம் 94 பகுதிகள். 2013-இல் ஸ்டார் பிளஸ் தொடங்கிய புதிய மகாபாரதமோ 267 பகுதிகள். அதுவே தமிழ்க் குரலில் விஜய் தொலைக்காட்சியில் வந்தது. கதை நத்தைபோல் நகர்கிறது என்று குறை கூறினோர் பலர். அம்பு ஒன்று வில்லை விட்டுப் புறப்படுமுன் அங்குள்ளோர் அத்தனை பேருடைய முகத்தையும் காட்டி முடிப்பார்கள் என்று நகைத்தோரும் உண்டு.

ஆனால் அந்த மந்த நடையே கர்ணனுக்கு வாய்த்த வழக்கறிஞன் என்பது நம் அபிப்பிராயம். அரங்கிலே அவனுடைய குலம் யாது என்று கேட்டு வாயடைக்கிறார்கள். தேரோட்டி மகன் என்று வீமன் எள்ளுகிறான். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அரசனாக்குகிறான். வித்தை கற்க வேண்டிப் பரசுராமரிடம் தன்னை அந்தணன் என்று பொய் சொல்கிறான். பொய் வெளிப்பட்டுச் சாபம் பெறுகிறான். இவை ஒவ்வொன்றையும் நிதானமாகக் காட்டினால், பொய்யைக் காணுமுன் பொய்க்குக் காரணமான அவமானத்தைக் கண்டுவிடுகிறோம். நாள்தோறும் நம் வீட்டுக்கு வந்து போகிறவனுக்கு நாம் நீதிபதியாய் இருத்தல் இயலாது, உறவினராகி விடுகிறோம்.

மேல்நாட்டிலும் இக்கதையே. 2007 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஓடிய 'மேட் மென்' என்னும் தொடர், 1960-ஆம் ஆண்டுகளின் நியூயார்க் விளம்பர அலுவலகம் ஒன்றைச் சித்தரிப்பது. அதுவும் மெல்ல நடக்கும் கதைதான். அதன் நாயகன் கொரியப் போரில் மாண்ட ஓர் அதிகாரியின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு, தன் ஏழைப் பிறப்பை மறைத்து உயர்ந்தவன். மனைவிக்கு உண்மையாய் இருந்தவனல்லன். ஆயினும் அவன் கெடக்கூடாதென்று பார்த்தோர் மனம் பதைத்தது. பிறப்பை மறைத்து மேலேறியவனைக் கண்டால் மனிதர் மனம் எங்கும் இளகும் போலும்.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு அது இன்னும் இளகும். நான் ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளில், அப்பாவுக்கு என்ன தொழில் என்று உடன் படித்தவர் கேட்டால், "எஸ்டேட்டில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பால் மரம் வெட்டுகிறார் என்று சொன்னதில்லை. பரசுராமர் முன் நின்ற கர்ணனை நான் குற்றவாளியாகப் பார்த்திருக்க முடியுமா?

இவ்வளவும் நியாயமே. ஆனால் விசாரணை இத்துடன் முடிந்ததா?

நெய்தல் ஆலையும் ரப்பர் மரமும் அறியாத காலத்துக் கதையாயினும், சபையில் நடந்ததை எல்லாரும் அறிவோம். திரௌபதியை இழுத்து வந்து நிறுத்தியபோது அவளை இழிசொல்லால் ஏசியவன் கர்ணன்; ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே என்கிறது வியாச பாரதம். பின்னர்க் கண்ணன் தூது வந்தபோது, துரியோதனனை மகிழ்விக்கவே பாண்டவரைக் கடுஞ்சொல் கூறினேன், அதற்கு வருந்துகிறேன் என்று கர்ணனே ஒப்புக்கொள்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் போற்றுவதன் மறுபக்கம் இதுவன்றோ?

ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் திரௌபதியின் பேரால் தீமிதி நடக்கிறது. ஜோகூரிலிருந்தும் கடற்பாலம் தாண்டிப் போவோர் உண்டு. தீ மிதிப்பது தகுமா தகாதா என்பது வேறு வழக்கு. அவள் பேரால் நெருப்பில் இறங்கியவர், வீடு திரும்பி அவளை ஏசியவனுக்காகக் கண்ணீர் வடிப்பதை மட்டுமே இங்கே குறிக்கிறோம். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர், எழுத்தறியாதவர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கர்ணன் நல்லவன்தான் தம்பி. ஆனா அன்னிக்கு அவன் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" நான் படித்த எந்த விமரிசனமும் இவ்வளவு சுருக்கமாய்ச் சொன்னதில்லை.

வாயைத் திறந்தவன் ஒருவனும் அச்சபையில் இருந்தான். அவன் விகர்ணன், துரியோதனனுக்குத் தம்பி. பெரியோரெல்லாம் தலை குனிந்திருக்க, இது முறையன்று என்று எழுந்து சொன்னவன். அவனை அதட்டி அடக்கியவனும் கர்ணனே. பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தில் விகர்ணனைப் பேச வைத்தார். இவனும் அண்ணன் சோற்றைத் தின்றவன்தான். அண்ணன் பக்கமே நின்று போரிட்டு வீமன் கையால் மாண்டான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான். ஆகவே, உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பவனும் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லலாம். இருந்தும் விகர்ணனுக்கு மோட்சக் கூத்து உண்டா? அவன் பேரில் ஒரு படம் உண்டா?

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல், வேறொரு தோட்டத்தில் நான் புதிய கிராணி. உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்று மண்டோர் சொன்னார். இரண்டு நாளும் காலைப் பெரட்டில் அவரை நான் கண்ணால் கண்டவன். மண்டோர் சொற்படியே எழுது என்றார் மேலாளர். எனக்கு மேசையும் நாற்காலியும் கொடுத்தவர் அவர். நான் எழுதினேன். அவ்வாண்டே, தொடரில் கர்ணன் களத்தில் வீழ்ந்த இரவு குலுங்கி அழுதேன். அந்த அம்மாளின் இரண்டு நாள் கூலி அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை.

கர்ணனுக்கு அழாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிறப்பால் அவமதிக்கப்பட்டவனுக்கு அழாத நெஞ்சும் ஒரு நெஞ்சா? நாம் கேட்பது ஒன்றே. அவன் பட்ட அவமானத்தை எத்தனை இரவு பொறுமையாய்ப் பார்த்தோமோ, அவன் செய்த அவமானத்தையும் அத்தனை பொறுமையோடு பார்ப்போம். அடுத்த முறை பிள்ளைகளோடு அமர்ந்து இக்கதையைப் பார்க்கும் தோழர்கள், கர்ணனின் கொடையைச் சொல்லி முடித்தபின், விகர்ணன் யார் என்றும் ஒருமுறை கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுங்கள்.